பதினேழாவது பிழை

ஃப்ரீமான்டில் ஒரு டேகேரில் வேலை பார்க்கும் ஷ்யாமளாவுக்குக் குரல்மேல் ஒரு பித்து. யாரிடமும் போய்க் கற்றுக்கொண்டதில்லை. தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் மைக்கைப் பிடித்ததில் தொடங்கி, ஊர் நாடகக் குழுவில் ராணியாகவும் மாமியாராகவும் பேயாகவும் எட்டு வருஷம் பேசிப் பேசி வந்த பழக்கம். ஒத்திகை பார்க்க அவளுக்குக் கிடைத்த ஒரே இடம் கராஜில் நிற்கும் கார். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஒரே வரியை முப்பது தடவை போனில் பதிவு செய்வாள். முப்பதையும் கேட்பாள். இருபத்தொன்பதை அழித்துவிடுவாள். அவள் கணவன் கிரீஷ் அந்தப் பக்கம் வந்தால், "இன்னிக்கு கார்ல யார் செத்தாங்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே போவான்.

சான்டா கிளாராவில் கேம் தயாரிக்கும் ஒரு கம்பெனி தமிழ்க் குரல் தேடியபோது குழுவில் எல்லோரும் அவளைத்தான் கைகாட்டினார்கள். கேமின் பெயர் 'சால்ட் த்ரோன்'. முந்நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய சோழமண்டலக் கரை. கோட்டை, துறைமுகம், உப்பளம், சந்தை என்று ஆடுகிறவர்கள் எந்தத் திசையிலும் போகலாம். வாளெடுத்துச் சண்டையும் போடலாம். முக்கியமான பாத்திரங்கள் ஆங்கிலம் பேசும். சந்தையில் மீன் விற்கிறவள், கிணற்றடியில் சண்டை போடுகிறவள், தீப்பிடித்த தெருவில் ஓடுகிறவள் எல்லாம் தமிழ். அத்தனை பேரும் ஷ்யாமளாதான்.

பதிவு நடந்துகொண்டிருந்த மாதத்தில்தான் நாகப்பட்டினத்தில் அவள் அப்பா இறந்தார். கிரீன் கார்டு மனு பாதியில் நின்றது. வேலை செய்ய அனுமதி வந்திருந்தது, வெளியே போய்த் திரும்பி வர அனுமதி வரவில்லை. இப்போது கிளம்பினால் மனு செத்துவிடும் என்றார் வக்கீல். அவரும் சாவு என்ற வார்த்தையையே சொன்னார். ஷ்யாமளா போகவில்லை.

மௌரி அவென்யூவில் மளிகைக் கடை வாசலில் காரை நிறுத்திக்கொண்டு கடைசிச் சடங்கைப் போனில்தான் பார்த்தாள். தம்பி அகிலன் அங்கே போனை நீட்டிப் பிடித்திருந்தான். பொண்ணு வாய்க்கரிசி போட வரட்டும் என்று யாரோ கூப்பிட, அவள் இடத்தில் சித்தப்பா மகள் போய்ப் போட்டாள். தூக்குகிற நேரம் அகிலனுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்ததால் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டான். அதன் பிறகு இருட்டும் சத்தமும்தான். பக்கத்துக் காரில் ஒருவர் அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். ஷ்யாமளாவுக்கு அழுகை வரவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். போன் பைக்குள் போகும் முன்பே, மகள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை என்று அங்கே எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

நாலாம் நாள் பதிவுக்குப் போனாள். அன்றைக்கு அவளிடம் கொடுத்த தாளில், எரிந்த துறைமுகத்தில் ஒரு பெண் இறந்த தகப்பனை மடியில் போட்டுக்கொண்டு அழுகிறாள், இருபது நொடி, சொந்த வார்த்தையில் என்று மட்டும் இருந்தது. பதிவை நடத்துகிற மேகனுக்குத் தமிழ் தெரியாது. பதிவு விளக்கு எரிந்தது. ஷ்யாமளா வாயைத் திறந்தாள்.

"அப்பா, நான் வரலியேப்பா. வாசலையே பாத்துட்டிருந்தியாமே. நான் வரலியேப்பா."

அதற்குமேல் வார்த்தை இல்லை, சத்தம்தான். முடிந்ததும் மேகன் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். இன்னொரு தடவை வேண்டாம் என்றாள்.

கேம் நவம்பரில் வந்தது. டேகேரில் குழந்தைகள் தூங்கும் ஒன்றரை மணி நேரத்தில் ஷ்யாமளா ஆடியவர்கள் எழுதுவதையெல்லாம் படித்தாள். வரைபடம் பெரிது, ஆனால் பாதி ஊர் காலி என்றார்கள். குதிரை சுவரில் சிக்கிக்கொள்கிறதாம். பனைமரத்தில் மழை பெய்கிற சத்தத்துக்கே காசு கொடுக்கலாமாம். அழுகிற பெண்ணைப் பற்றி எழுதாதவர்கள் குறைவு. ஒஹையோக்காரர் ஒருவர், கேட்டதும் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு அப்பாவுக்குப் போன் செய்தேன் என்று எழுதியிருந்தார். அவள் அழும்போதே மடியில் கிடக்கும் பிணத்தின் இடுப்பிலிருந்து பண முடிப்பை அவிழ்த்துக்கொள்ளலாம், யாரும் தடுப்பதில்லை என்று இன்னொருவர் வழி சொல்லிக் கொடுத்திருந்தார். ஒரு பையன் அவள் தலையில் கூடை கூடையாக மீனைக் கொட்டிச் சிரித்து அதை வீடியோவாகப் போட்டிருந்தான். லட்சம் பேர் பார்த்திருந்தார்கள்.

அப்படி ஏதோ ஒரு வீடியோத் துண்டு அகிலனின் ஆபீஸ் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. அவன் கூப்பிட்டபோது அவள் குழந்தைகளுக்கு ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அது நீதானேக்கா?"

ஆமாம் என்றாள்.

"இங்க போன்ல கல்லு மாதிரி உக்காந்திருந்த. அம்மா இன்னும் அதையே சொல்லிட்டிருக்கா. அழுகையை அங்க கொண்டுபோய் வித்துட்டியா?"

அம்மாவுக்கு அதைப் போட்டுக் காட்டுடா என்று மட்டும் கேட்டாள். கூத்தில் அழுததைக் காட்டவா என்று கேட்டு அவன் வைத்துவிட்டான்.

அதே வாரம் மதுரைக்காரர் ஒருவர் கேமில் உள்ள தமிழ்ப் பிழைகளை நாற்பதாகப் பட்டியல் போட்டார். பெரும்பாலும் நியாயமானவைதான். மீன்காரி இந்தக் காலத்துச் சென்னைப் பேச்சுப் பேசுகிறாள் என்றது ஷ்யாமளாவுக்கே முன்பிருந்து உறுத்தியது. பதினேழாவது இப்படி இருந்தது: அப்பன் மடியில் கிடக்கிறான், இவள் நான் வரவில்லை என்று அழுகிறாள். வசனம் எழுதியவர் சாவு வீட்டுப் பக்கமே போனதில்லை போலிருக்கிறது.

மேகன் மெயில் அனுப்பினாள். அந்த வரிக்கு என்ன அர்த்தம்? அவர் சொல்வது சரியா? சரியென்றால் மாற்றிப் பதிவு செய்வோம்.

ஷ்யாமளா நடந்ததையெல்லாம் நீளமாக எழுதினாள். அப்பா, மனு, சட்டைப் பை எல்லாவற்றையும். எழுதியதைத் திரும்பப் படித்தாள். அகிலனின் குரல்தான் காதில் கேட்டது. அத்தனையையும் அழித்துவிட்டு, அவர் சொல்வது சரி, என் தவறு என்று அனுப்பினாள். அந்த அழுகை இனி யார் வீட்டிலும் கேட்க வேண்டாம் என்றிருந்தது அவளுக்கு. பிழை என்று பார்த்தாலும் அது பிழைதானே.

கராஜில் ஒரு வாரம் ஒத்திகை பார்த்தாள். "என்னை விட்டுப் போயிட்டியேப்பா." எந்த இடத்தில் மூச்சு உடைய வேண்டும், எந்த எழுத்தில் குரல் ஏற வேண்டும் என்று கணக்கிட்டுப் பதிவு செய்தாள். ஸ்டூடியோவில் பன்னிரண்டு தடவை எடுத்தார்கள். ஒவ்வொன்றும் சுத்தமாக இருந்தது. அடுத்த அப்டேட்டில் பழையது எல்லோர் வீட்டுக் கேம் பெட்டியிலிருந்தும் போய், புதியது வந்து உட்கார்ந்தது. மதுரைக்காரர், பதினேழாவது திருத்தப்பட்டது, நன்றி என்று எழுதினார். ஒஹையோக்காரர் எதுவும் எழுதவில்லை.

மாசி பிறந்ததும் அகிலன் மறுபடி கூப்பிட்டான். கோபம் இறங்கியிருந்தது. அம்மாவிடம் அந்த அழுகையைப் பற்றிப் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டானாம். அம்மா இரண்டு நாளாக அதைக் கேட்க வேண்டும் என்கிறாளாம்.

"அனுப்புக்கா. ஆபீஸ்ல பாத்தது என்கிட்ட இல்ல. நான் அன்னிக்குப் பேசுனதை மனசுல வச்சுக்காதே."

ஷ்யாமளா மேகனிடம் பழைய பதிவைக் கேட்டாள். பதிவு கம்பெனியின் சொத்து, வெளியே தர முடியாது, ரொம்ப வருத்தம் என்று பதில் வந்தது. நெட்டில் தேடினாள். கிடைத்த துண்டுகளில் ஆடுகிறவர்கள் குறுக்கே பேசிக்கொண்டிருந்தார்கள், அல்லது பாதியில் அங்கிருந்து நகர்ந்து போயிருந்தார்கள். அழுகை முதலிலிருந்து கடைசி வரை இருந்தது ஒன்றில்தான். மீன் கொட்டுகிற வீடியோ.

காரில் உட்கார்ந்து அதைக் கேட்டாள். முதல் 'வரலியேப்பா' சுத்தமாக இருந்தது. இரண்டாவதன் மேல் சிரிப்பு ஏறிக்கொண்டது. கிரீஷ் ஏதேதோ ஆப்பில் போட்டுச் சிரிப்பை எடுத்துப் பார்த்தான். சிரிப்போடு குரலும் போனது. படத்தை நீக்கிவிட்டு ஒலியை மட்டும் அனுப்பினாள். இல்லாமல் போவதற்கு இது இருக்கட்டும் என்று தோன்றியது.

மறுநாள் காலை அம்மாவே கூப்பிட்டாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"கேட்டேண்டி," என்றாள். "நாலு தடவை கேட்டேன்."

ஷ்யாமளா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"பின்னால யாருடி அது? சாவுல போய்ச் சிரிக்கிறது?"

"தெரியலம்மா," என்றாள் ஷ்யாமளா. "யாரோ."