ஆண்ட்ரூவின் வெறுங்குரல்

ராயபுரத்துல மாடி மேல தகர ஷெட்டு போட்டு, சுவரு பூரா முட்டை அட்டையை ஒட்டி, ஒரு பழைய கம்ப்யூட்டரை வெச்சிகினு பாட்டு ரெக்கார்டிங் பண்றவன் சுஃபியான். கானா பாடுறவங்கதான் வருவாங்க. வர்றவனுக்கெல்லாம் ஒரே வியாதி. பாடும்போதே காதுல தன் குரலு சினிமாப் பாட்டு மாதிரி கேக்கணும். அப்பால சரி பண்ணித் தரேன்னு சொன்னா எவன் கேட்டான்? மூஞ்சியத் தூக்கி வெச்சிக்குவான்.

அதனால சுஃபியான் ஒரு குறுக்கு வழி வெச்சிருந்தான். மைக்குல இருந்து குரலு கம்ப்யூட்டருக்குள்ள நுழையற வாசல்லயே, சுருதியைத் திருத்துற எஃபெக்டைப் போட்டுடுவான். திருந்தின குரலுதான் காதுக்கும் போவும், அதுதான் பதிவும் ஆவும். வெறுங்குரலைத் தனியா பதிஞ்சி வெக்கவும் சாஃப்ட்வேர்ல வழி கீது. குரலை எந்தப் பக்கம் வேணா பிரிச்சி அனுப்பலாம். செய்யல. சோம்பேறித்தனம், வேற இன்னா.

அப்டிப் பாடினவன்தான் அவன் தோஸ்து ஆண்ட்ரூ, காசிமேட்டு போட்டுல மீன் புடிக்கப் போயினு இருந்தவன். போன வருஷம் போட்டு கவுந்து கடலோட போயிட்டான். செல்போனும் அவனோடவே போச்சு. வூட்ல போட்டோ கீது. குரலுன்னு பாத்தா, சுஃபியான் பதிஞ்ச அந்த ஒரு பாட்டுதான்.

சர்ச்சுல அவனுக்கான வருஷப் பூசைக்கு முந்தின வாரம் ஆண்ட்ரூ சம்சாரம் ரெஜினா மாடியேறி வந்தா.

"பாட்டைப் போட்டா எம்பொண்ணு இது எங்கப்பா இல்லைன்றா பாய். அந்த மிசின் சத்தத்தை எடுத்துட்டு அவரு குரலை மட்டும் தா. பூசை அன்னிக்கு அவளுக்குப் போட்டுக் காட்டணும்."

"உக்காருக்கா, பாக்குறேன்"னான் சுஃபியான். பாக்க இன்னா கீது? குழம்புல கரைஞ்ச உப்பை எவன் வெளிய எடுப்பான்? பைலைத் தொறந்து கொஞ்ச நேரம் சும்மா நோண்டினான். கடைசியில தலையைக் குனிஞ்சிகினு, வெறுங்குரலைப் பதியவே இல்லைன்ற உண்மையைச் சொல்லிட்டான்.

ரெஜினா நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது தேவலை. அவ பாட்டுக்கு உக்காந்திருந்தா. அவனுக்கு வெக்கமா இருந்திச்சு, அழுகையும் வந்திச்சு.

பைலை மூட்றதுக்குப் போனப்பதான் ஸ்கிரீன்ல அடியில இன்னொரு டிராக்கு கண்ல பட்டுது. எக்கோ. ஆண்ட்ரூ பாடினப்ப கம்ப்யூட்டர் திணறிச்சின்னு எக்கோவைத் தனியா பதிஞ்சிருந்தான். அது எங்கேந்து பிரியுதுன்னு பாத்தான். அன்னிக்கு அவசரத்துல, குரலு போற கோட்டை ஸ்கிரீன்ல தப்பா இழுத்திருக்கான். சுருதி எஃபெக்டுக்குப் பின்னாடி பிரிய வேண்டியது, முன்னாடியே பிரிஞ்சிருக்குது. எக்கோவுக்குள்ள போனது ஆண்ட்ரூவோட சொந்தக் குரலு.

திருத்தின குரலை நிறுத்திட்டு எக்கோவை மட்டும் போட்டான். கரகரன்னு ஆண்ட்ரூ குரலு. மேல போற எடத்துல பிசிறு. நடுவுல அவனோட வழக்கமான இருமலு. எல்லாம் கீது, ஆனா துறைமுகத்துக்கு அந்தாண்டையிலேந்து கத்துற மாதிரி.

ரெஜினா முந்தானையால வாயைப் பொத்திகினா.

"அவருதான்"னா. பாட்டு முடியிற வரைக்கும் கேட்டா. அப்புறம் மெதுவா சொன்னா: "எங்கியோ நிக்கிறாரு பாய். கொஞ்சம் கிட்ட இட்டுகினு வாயேன்."

சுஃபியான் வால்யூமை ஏத்தினான். சத்தம்தான் ஏறிச்சு. ஆண்ட்ரூ அங்கியேதான் நின்னான்.