மாப்பிள்ளை தலைக்கு மேல் ‘திருடன்’

விழுப்புரத்தில் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கிற நான், ஒருவரைப் பழிவாங்கக் கிளம்பி அசிங்கப்பட்ட கதை இது.

பக்கத்துக் கெடார் ஊரில் நான் எடுத்த கல்யாண வீடியோவை, திண்டிவனத்து ஸ்டுடியோக்காரர் ஒருவர் தான் எடுத்தது மாதிரி தன் வெப்சைட்டில் போட்டுவிட்டார். ஆனால் அவர் வீடியோவை என் வெப்சைட்டிலிருந்து பிளேயரோடு அப்படியே இணைத்திருந்தார்; நான் அதில் எதை மாற்றினாலும் அவர் பக்கத்திலும் மாறும். அதன் மேல் மூலையில் கடை லோகோ வைக்க இடம் உண்டு. சோம்பேறி நான், வைக்காமல் விட்டிருந்தேன். இப்போது சுறுசுறுப்பு வந்தது. சிவப்பில் ‘திருடன்’ என்று வைத்தேன். அவர் முகம் போகிற போக்கைப் பார்க்க, பஸ் பிடித்துத் திண்டிவனமே போய்விட்டேன்.

அவர் கடைக்குள் நுழையும்போது அந்தக் கெடார் கல்யாணப் பெண்ணின் அப்பா போன் செய்தார்.

“இன்னா தம்பி, சம்பந்தி வூட்டாருக்கு உன் வெப்சைட்ல கல்யாணத்தைக் காட்டிக்கினு இருக்கேன். தாலி கட்டுற மாப்பிள்ளை தலைக்கு மேல திருடன்னு எழுதியிருக்கு! எழுந்து போறோம்ன்றாங்க!”

என் வெப்சைட்டிலும் அதே பிளேயர்தான் என்பது அதுவரை என் மண்டையில் உறைக்கவே இல்லை.

வேறு வழியின்றி அந்தத் திருடரிடமே கெஞ்சினேன். “சார், கம்ப்யூட்டரைக் கொஞ்சம் குடுங்க, ஜல்தி!”

விஷயத்தைக் கேட்டவர், எழுந்து தன் நாற்காலியைத் தந்தார். “மொதல்ல அதை எடுங்க சார், பொண்ணு வாழ்க்கை. அப்பறமா என்னைத் திட்டிக்கலாம்.”

எடுத்தேன். சம்பந்தி வீட்டார் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்களாம். அவரும் என் வீடியோவை அன்றே நீக்கினார்.

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வசவுகளில் ஒன்றைக்கூட நான் சொல்லவில்லை. வீடியோவைத் திருடியதை எப்போதோ மன்னித்துவிட்டேன். நாற்காலி தந்ததைத்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை.