சக்கரவர்த்திக்கு என்ன நஷ்டம்

பூமியில் எங்குமே இல்லாத ஒரு பேரரசுக்காக நானும் அவனும் ஒரு மாதம் சண்டை போட்டோம்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில், கண்டெய்னர்களைச் சுங்கத்தில் காட்டி வெளியே எடுத்துக்கொடுக்கும் ஏஜென்ட் அலுவலகத்தில் இருவருக்கும் வேலை. அவன் திரேஸ்புரத்துப் படகுக்காரர் வீட்டுப் பிள்ளை, கிறிஸ்தவன்; எங்கள் பக்கம் வேதக்காரன் என்பார்கள். நான் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்யும் வீட்டுப் பெண், எங்களுக்குக் குலசாமி அம்மன்.

மத்தியானம் சுங்கத்தில் பில் பாஸாகக் காத்திருக்கும் நேரத்தில்தான் எங்கள் அரசியல் நடக்கும். அவரவர் வீட்டில் ஒரே கேமை விளையாடிக்கொண்டிருந்தோம். அதில் முத்துக் குளிப்பவர்களின் தீவு ஒன்று. கடற்கொள்ளையர் தொல்லை தாங்கவில்லை. தூரதேசத்துச் சக்கரவர்த்தி கப்பல் அனுப்பிக் காப்பாற்றுகிறேன் என்கிறார். பதிலுக்குத் தீவுக்காரர்கள் தங்கள் கடலம்மாவை விட்டுவிட்டு அவருடைய சூரியனைக் கும்பிட வேண்டும். ஏற்றுக்கொள்ளலாம் என்று ஒரு கட்சி, செத்தாலும் முடியாது என்று ஒரு கட்சி. எந்தப் பக்கம் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் பிறகு மாற முடியாது. அவன் சக்கரவர்த்தி கட்சி. நான் எதிர்க்கட்சி. நம் நாட்டில் இருக்கிற கட்சிகள் உங்களுக்குப் போதவில்லையா என்று மேலாளர் அண்ணாச்சி தலையில் அடித்துக்கொள்வார்.

அவன் சும்மா பேசவில்லை. கடலும் உயிரும் மிஞ்ச வேண்டுமென்று அவனுடைய முன்னோர்களும் ஒரு காலத்தில் போர்ச்சுக்கீசியரிடம் போய் ஞானஸ்நானம் பெற்றவர்கள்தான். அவர்கள் மாதாவின் மேல் வைத்திருக்கும் பாசத்தைப் பார்த்தால் யாருக்கும் குறை சொல்ல வாய் வராது. என் அம்மாவே திருவிழாவுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றுகிறவள். இதெல்லாம் தெரிந்தும் நான் விடவில்லை. ஏனென்றால் நான் பேசியது தீவைப் பற்றியே அல்ல.

நாங்கள் கல்யாணம் செய்துகொள்ள நினைத்திருந்தோம். பெண் ஞானஸ்நானம் வாங்க வேண்டும் என்று அவன் அம்மா ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள். இதை அவன் என்னிடம் சொல்லவில்லை, அவன் அக்கா சொன்னாள். அவனே வாயைத் திறக்கட்டும் என்று காத்திருந்தேன். கேட்டால் சரி என்று சொல்லிவிடுவேனோ என்ற பயமும் இருந்தது. அவ்வளவு பிரியம் அவன்மேல்.

ஒருநாள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். முத்துக் குளிக்கிறவன் கடலுக்கடியில் இருக்கும்போது மேலே ஒருவன் கயிறு பிடிக்க வேண்டுமில்லையா, சக்கரவர்த்தி அப்படிக் கயிறு பிடிக்கிறவர் என்றான்.

"உங்க ஆளுக கயிற யாரு கையில குடுப்பாவ?" என்று கேட்டேன்.

"மச்சான் கையில."

ஏன் என்று அவனுக்குத் தெரியும். இறங்கியவன் மூச்சுமுட்டிச் செத்தால் தாலியறுப்பது மச்சானின் கூடப்பிறந்தவள். அதனால் மச்சானின் கண் கயிற்றைவிட்டு நகராது.

"மச்சானுக்கு நஷ்டம் உண்டு. சக்கரவர்த்திக்கு என்னலே நஷ்டம்? சாமிய விடுதது தீவுக்காரிதானே?"

சொல்லி முடிப்பதற்குள் என் குரல் உடைந்துவிட்டது. அவனுக்குப் புரிந்தது. சோற்றுப் பாத்திரத்தை மூடிவைத்தான். நான் கண்டெய்னர் நம்பர் பார்ப்பதுபோலத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரமே பங்குச்சாமியாரைப் போய்ப் பார்த்திருக்கிறான். பெண் மதம் மாறாமலே, ஆயரிடம் அனுமதி வாங்கிக் கல்யாணம் செய்ய வழி இருக்கிறதாம். அதை வீட்டில் சொல்லிவிட்டுத்தான் என்னிடம் வந்தான்.

"நீ ஒண்ணையும் விட வேண்டாம்ளா" என்றான்.

சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்தது. அவன் அம்மா என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

"சோறு வச்சாவ. பேசல."

அதைக் கேட்டபின் ஜெயித்த சந்தோஷம் நிற்கவில்லை. மகன் கல்யாணத்தை இத்தனை வருஷம் வேறு மாதிரி நினைத்துப் பார்த்திருந்த ஒரு மனுஷி, ஒரு வார்த்தையும் பேசாமல் அவனுக்குச் சோறு வைத்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடியும் நேரம் பார்த்து, அவனிடம் சொல்லாமல் திரேஸ்புரம் போனேன். அவன் அம்மா அப்போதுதான் மாதா கோயிலிலிருந்து வந்திருந்தார்கள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நானாக உள்ளே போய் உட்கார்ந்தேன். நான் மாற மாட்டேன், ஆனால் உங்கள் மகனை உங்களிடமிருந்து பிரிக்கவும் மாட்டேன் என்று சொன்னேன்.

அவர்கள் எழுந்துபோய்க் காப்பி கலந்து கொண்டுவந்தார்கள். நான் குடித்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"ஏளா, உங்கம்மா எப்ப வீட்ல இருப்பாவ? நான் வந்து பேசணும்லா."