கஸ்தூரி அக்காவின் பச்சைப் புடவை

செய்தி வந்தபோது ஒரு அம்மாவுக்குப் பதினோராவது புடவையைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். கஸ்தூரி அக்கா கீழ்பென்னாத்தூரில் தன் வீட்டில் மாரடைப்பால் இறந்துவிட்டார். “கஸ்டமர முடிச்சிட்டு அழு” என்றார் சூப்பர்வைசர். முடித்துவிட்டுத்தான் அழுதேன்.

திருவண்ணாமலையில் எங்கள் ஜவுளிக்கடையின் புடவைப் பிரிவில் அவரோடு நின்ற எல்லோருக்காகவும் இதை எழுதுகிறேன். காலை முதல் இரவு வரை நின்றோம். கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்க வேண்டும் என்பதால் தண்ணீர் குடிக்கமாட்டோம். இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கும் மூலம் வந்தது. வெளியே சொல்ல நாங்கள் வெட்கப்பட்டோம். வெட்கப்பட வேண்டியவர்கள் மேலே ஏசி அறையில் உட்கார்ந்திருந்தார்கள்.

அக்கா தன் வீட்டுத் தோட்டத்தில் மூலத்துக்கு மருந்தான துத்திக் கீரை வளர்த்தார். ரோட்டோரம் தானாக முளைப்பதற்குப் பாத்தி கட்டுகிறாளே என்று தெருவே சிரித்ததாம். “ரோட்டோரத்துல நாய் காலத் தூக்கும். அதையா எம்பொண்ணுங்களுக்குக் குடுப்பேன்?” என்பார். செடி முற்றிப்போகாமல் நுனியைக் கிள்ளிவிட்டு, பக்கத்தில் துளிர்க்கும் இளம் இலையைப் பறிப்பார். பாசிப்பருப்பும் சின்ன வெங்காயமும் போட்டுக் கூட்டு வைத்து மதியம் எங்களுக்குப் பங்கிடுவார். வீட்டுக்கு வேண்டுமென்றால் துணியில் சுற்றிக் கட்டாகத் தருவார்.

துத்தி என்று வாயைத் திறந்தாலே எதற்கென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதனால் கடையில் அதன் பெயர் பச்சைப் புடவை. “கஸ்தூரிக்கா, பச்சப் புடவ இருக்கா?” என்று கேட்டால் கவுண்டருக்கு அடியிலிருந்து கட்டு வரும்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். ஊழியர்கள் ஏறும் பின்படியில் ஒரு அம்மா வந்து, “கஸ்தூரி, அந்தப் பச்சப் புடவ எங்க?” என்றார். அக்கா ஒரு கஸ்டமரிடம் இருந்தார். மாடியில் வேலை செய்பவர் என்று நினைத்து நானே கட்டை எடுத்து நீட்டினேன். பிரித்தார். கீரை.

“இன்னாடி இது?”

அவர் முதலாளியின் மனைவி. பட்டுப் பிரிவில் எடுத்துவைக்கச் சொன்ன புடவையைத்தான் கேட்டிருக்கிறார். முயலுக்கு என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். சத்தம் கேட்டு வந்த அக்கா பொய் சொல்லவில்லை. “துத்திங்கம்மா. மூலத்துக்கு. நின்னு நின்னு எங்க எல்லாருக்கும் வந்துடுச்சி.”

அந்த அம்மா கட்டை என் கையில் திணித்துவிட்டுப் படியேறிப் போய்விட்டார். இருவருக்கும் வேலை போச்சு என்று மூன்று நாள் நடுங்கினேன். “போனா போவட்டும், உண்மையதான சொன்னோம்” என்றார் அக்கா. ஆனால் அவர் வீட்டில் சம்பாதிப்பது அவர் ஒருவர்தான்.

நான்காம் நாள் பின்படியில் மறுபடி அதே அம்மா. குரலை இறக்கிக் கேட்டார்: “கஸ்தூரி, அந்தப் பச்சப் புடவ... இன்னும் இருக்கா?”

“இருக்குங்கம்மா. ஆனா கீர பாதிதான். நேரத்துக்குத் தண்ணி குடிக்கணும், அப்பப்ப உக்காரணும். அது மீதி. உங்களுக்கு அது முடியும்.”

அடுத்த வாரம் ஆறு ஸ்டூலும் ஒரு தண்ணீர்க் கேனும் வந்தன. கழிப்பறைக்கு அனுமதி கேட்பதும் நின்றது. உட்காரும் உரிமை சட்டத்தில் ஏற்கெனவே இருந்தது. எங்கள் கடைக்கு அது கீரைக்கட்டில் வந்தது. “ஸ்டூல் வந்ததும் மகாராணி ஆயிட்டீங்களா?” என்றார் சூப்பர்வைசர். “மகாராணி எங்கயாச்சும் நின்னு பாத்திருக்கீங்களா சார்?” என்றார் அக்கா.

காரியத்துக்குப் போனபோது அவர் தோட்டத்தில் காய்ந்து வெடித்திருந்த துத்திக் காய்களை எடுத்து வந்தேன். என் வாடகை வீட்டு மாடியில் நான்கு பெயிண்ட் வாளிகளில் முளைத்திருக்கிறது. நேற்று புதிதாகச் சேர்ந்த பெண் தயங்கித் தயங்கி என்னிடம் பச்சைப் புடவை கேட்டாள்.

முதலில் ஸ்டூலை இழுத்துப் போட்டேன். “உக்காரு” என்றேன்.