முன்பல்லும் முக்காடும்

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. எங்கள் வீடு மாமல்லபுரத்தில். அத்தாவுக்கு (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) கிளிஞ்சல் சாமான் கடை. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. ஒருநாள் தெரு அடிபம்பில் தண்ணீர் அடிக்கும்போது கைப்பிடி நழுவித் துள்ளி வாயில் அடித்தது. மேல்வரிசை முன்பல்லில் பாதி உடைந்து விழுந்தது. வலி இரண்டு நாளில் போய்விட்டது. வீட்டில் பேச்சு மட்டும் ஓயவில்லை.

எங்கள் வீட்டில் கடைசி வார்த்தை அத்தாவின் அண்ணன், அதாவது பெரியத்தா, சொல்வதுதான். பல் கட்டுகிற ஆள் ஒருவரை அவருக்குச் செங்கல்பட்டில் தெரியும். "மீதியையும் புடுங்கிட்டு பொய்ப்பல்லு வெச்சிக்கினா வேல முடிஞ்சிது. இதுக்குப் போயி இன்னா யோசன?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேர் கெட்டியாக இருக்கிறது, பல் ஆடக்கூட இல்லை. உயிரோடு இருக்கிற என் பல்லைப் பிடுங்கச் சொல்ல இவர் யார்? சாப்பிடமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். இரண்டாம் நாள் அத்தா மனமிறங்கி, செங்கல்பட்டுக்குப் புதிதாக வந்திருந்த பெண் பல் டாக்டரிடம் அழைத்துப் போனார்.

உடைந்த இடத்தைப் பல் நிறத்திலேயே கட்டிவிடலாம் என்றார் அந்த டாக்டர். பல்லில் ஏதோ ஆசிட்டைத் தடவி, ஒரு நிமிடம் விட்டு, கழுவி, காற்றடித்துக் காயவைத்தார். கண்ணாடியில் காட்டினார். பளபளப்பு போய், அந்த இடம் மட்டும் சுண்ணாம்பு பூசினதுபோல வெளுத்திருந்தது. எச்சில் படக்கூடாது, வாயைத் திறந்தே வை என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் திரும்பி மருந்து கலக்க ஆரம்பித்தார்.

அந்த நேரம் பார்த்து, பக்கத்து மருந்துக்கடை ஆள் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். என் கை தானாக முக்காட்டை இழுத்தது, வாய் தானாக மூடிக்கொண்டது. எங்கள் வீட்டுப் பெண்கள் இதையெல்லாம் யோசித்துச் செய்வதில்லை. அவர் போனதும் ஒன்றுமே நடக்காத மாதிரி வாயைத் திறந்து வைத்தேன். கலந்த மருந்து சீக்கிரம் இறுகிவிடும் என்பதால் டாக்டர் அவசரமாகத் திரும்பி வைத்துவிட்டார். நடுவில் வாயை மூடியதைச் சொல்ல எனக்கு வெட்கம்.

மூன்றாம் நாள் கெட்டியான பொறை ரொட்டி ஒன்றைக் கடித்தேன். கட்டிய துண்டு பொறையோடு கையில் வந்தது. பெரியத்தாவுக்கு ஒரே கொண்டாட்டம். இன்னொரு தடவை விழுந்தால் பிடுங்கிவிடுவது என்று அத்தாவிடம் வாக்கும் வாங்கிவிட்டார்.

மறுபடி போனோம். இந்த முறை பெரியத்தாவும் கூட வந்தார். டாக்டர் அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தான் எங்கே தவறு செய்தோம் என்று குழம்பியதைக் காணப் பாவமாக இருந்தது. நடந்ததைச் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை.

"இது கோந்து தடவி ஒட்டற வேலை இல்லம்மா. ஆசிட்டு பல்லுல கண்ணுக்குத் தெரியாத குழியா போடுது. மருந்து அதுக்குள்ள எறங்கி, அங்கயே இறுகிக்குது. அதான் பிடிப்பு. எச்சில் குழியை அடைச்சிட்டா மருந்து எங்க எறங்கும்?" என்றார்.

மறுபடியும் ஆசிட், கழுவல், காற்று. பல் வெளுத்தது. டாக்டர் மருந்து கலக்கத் திரும்பினார். திரை விலகியது. பெரியத்தா! அவருக்குப் பின்னால், வெளியே பெஞ்சில் காத்திருந்த இரண்டு ஆண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"பஸ்ஸுக்கு நேரமாவுது, இன்னும் இன்னா பண்ணிகினு கீறீங்க?" என்றவர் என்னைப் பார்த்தார். முக்காடு நழுவி, பஞ்சு திணித்த வாய் ஆவென்று திறந்திருந்தது. "ஏய், வாய மூடு! ஆம்பளைங்க நிக்கறது தெரில?"

கை பாதிவரை எழுந்துவிட்டது. அதை இழுத்து நாற்காலிக் கைப்பிடியோடு சேர்த்து இறுக்கிக்கொண்டேன். அவர் கண்ணையே பார்த்தேன். வாயை இன்னும் பெரிதாகத் திறந்தேன். அவர் மறுபடி கத்தினார். நான் அசையவில்லை. அதுவரை அவர் பேச்சை அவர் முகத்துக்கு நேராக ஒருமுறைகூட மீறியவளில்லை நான். அன்றைக்கு ஒரு வார்த்தை பேசாமலே மீறினேன். டாக்டர் யாரையும் பார்க்காமல் வந்து மருந்தை வைத்தார். பெரியத்தா திரையை உதறிவிட்டு வெளியே போனார்.

திரும்பும் வழியில் பஸ் திருக்கழுக்குன்றத்தில் நின்றது. அங்கே அத்தா எனக்கு ஒரு கொய்யாப்பழம் வாங்கித் தந்தார், கடித்துப் பார் என்பதுபோல. வேண்டுமென்றே அந்தப் பல்லால் கடித்தேன். அசையவில்லை.

முக்காட்டின் மேல் எனக்குக் கோபமில்லை, இன்றும் போடுகிறேன். மேலே கட்டியது தேய்ந்து, பின்னாளில் இரண்டு முறை புதிதாகக் கட்டிக்கொண்டேன்; வேர் மட்டும் என்னுடையதேதான். இன்றைக்கும் யாராவது என்னிடம் வாயை மூடச் சொன்னால், என் நாக்கு முதலில் அந்தப் பல்லைத்தான் தொட்டுப் பார்க்கிறது, அது அங்கேயே இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் பதில் சொல்கிறேன்.