பெரியக்காவின் சனிக்கிழமை சர்வர்

கணினியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறார் பெரியக்கா. சூடில்லை. புறங்கையையும் வைத்துப் பார்க்கிறார். அப்போதும் இல்லை. சனிக்கிழமை மதியம் இரண்டரை மணி. இன்னும் அரை மணி நேரத்தில் தம்பியும் தங்கையும் வந்துவிடுவார்கள், அவரவர் ஊரில் அவரவர் வீட்டில் உட்கார்ந்தபடியே.

வயது ஐம்பத்தாறு. பெரிய மருத்துவமனை ஒன்றின் பதிவேட்டு அறைக்குப் பொறுப்பாளர். உடன்பிறந்தவர்களுக்கு மட்டுமல்ல, அங்கே டாக்டரிலிருந்து துடைப்பம் பிடிப்பவர் வரை எல்லாருக்கும் அவர் பெரியக்காதான். முப்பது வருடத்தில் ஒரு காகிதம் தொலைந்ததில்லை என்பது அவர் பெருமை. ஒவ்வொன்றுக்கும் மூன்று நகல் எடுத்துவைப்பது அவர் வியாதி. வீட்டுச் சாவிக்கு ஏழு நகல் உண்டு. மூக்குக்கண்ணாடி மூக்கில் ஒன்று, தலைமேல் ஒன்று, கைப்பையில் ஒன்று. எதற்கு இதெல்லாம் என்று கேட்டால், “எதுக்கும் இருக்கட்டும்” என்பார். அதற்குமேல் விளக்கம் கிடையாது.

இப்படிப்பட்டவர் வீட்டுப் பின்னறையில், தையல் மெஷினுக்குப் பக்கத்தில், வெவ்வேறு ஊரில் இருப்பவர்கள் சேர்ந்து ஆட உதவும் ஒரு விளையாட்டு சர்வர் ஓடுகிறது. ஆபீசில் கழித்துவிட்ட கணினிதான். கணினிக்குள் ஒவ்வொரு வேலையையும் தனித்தனி டப்பாவில் போட்டு மூடிவைப்பதுபோல ஒரு ஏற்பாடு இருக்கிறது, கன்டெய்னர் என்கிறார்கள். ஒன்று கெட்டால் மற்றது கெடாது. அதைக் கேள்விப்பட்ட அன்றே பெரியக்காவுக்குப் பிடித்துப்போயிற்று. வீடியோ பார்த்துப் பார்த்து, நோட்டில் எழுதி எழுதி, தானே கற்றுக்கொண்டார். விளையாட்டு என்னவோ எளிமையானதுதான். கல்லும் மரமும் வெட்டி வீடு கட்டலாம், கோழி வளர்க்கலாம், பலபேர் சேர்ந்து ஆடலாம்.

அவருக்கு அதில் ஒரு செங்கல்கூட வைக்கத் தெரியாது. ஆடுவதெல்லாம் தம்பியும் தங்கையும்தான். தம்பி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார்; அவருக்கு மூத்தவரான தங்கை கேக் கடை நடத்துகிறார். அப்பாவின் கடைசி நாட்களில் அவரை ஆஸ்பத்திரியில் சேர்ப்பதா, வீட்டிலேயே வைத்துக்கொள்வதா என்று கிளம்பிய சண்டையில் சொல்லக்கூடாததை எல்லாம் இருவரும் சொல்லிக்கொண்டார்கள். நான்கு வருடமாகப் போனில்கூடப் பேச்சில்லை. பெரியக்கா தூது போய்ப் போய்க் கால் தேய்ந்ததுதான் மிச்சம். கடைசியில் இருவருமே ஓய்வு நேரத்தில் இந்த ஒரே விளையாட்டைத் தனித்தனியாக ஆடுகிறார்கள் என்று தெரிந்தது. இருவரையும் ஒரே இடத்தில் ஆடவைக்கத்தான் இந்த சர்வர் பிறந்தது.

அதற்குள்ளும் அவர்கள் பேசிக்கொள்வது கோழியைப் பற்றி மட்டும்தான். “இந்தப் பக்கம் வேலி திறந்திருக்கு” என்று தங்கை பொதுவாகச் சொல்வார். “பாத்தேன்” என்று தம்பியும் பொதுவாகச் சொல்வார். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பெரியக்கா அதைக் கச்சேரி கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருப்பார்.

போன மாதத்திலிருந்து சர்வர் இழுக்க ஆரம்பித்தது. கதவைத் தட்டினால் மூன்று நிமிடம் கழித்துத் திறக்கிறது. கோழிகள் அந்தரத்தில் நிற்கின்றன. போன சனிக்கிழமை தங்கை பாதியிலேயே வெளியே தள்ளப்பட்டார். அப்போதுதான் தம்பி அதைச் சொன்னார்.

“இன்னும் ஒரு வாரம் பாக்கறேன்க்கா. இப்படியே இழுத்துச்சுன்னா நான் வரல.”

தம்பி வராவிட்டால் தங்கையும் வரமாட்டார். அது பெரியக்காவுக்குத் தெரியும்.

இந்த ஒரு வாரத்தில் அவர் செய்யாத வைத்தியம் இல்லை. இன்டர்நெட் வயரை மாற்றினார். மூடியைக் கழற்றித் தூசி தட்டினார். விளையாட்டில் கண்ணுக்கெட்டும் தூரத்தைப் பாதியாகக் குறைத்தார். விளையாட்டு டப்பாவுக்கு மெமரியை இரண்டு மடங்காக்கினார். திரையில் வரும் கணக்கைப் பார்த்தால் மெமரி பாதிகூட நிரம்பவில்லை, பிராசசர் சும்மா கிடக்கிறது. நோயாளி வலியில் துடிக்க, பரிசோதனை அறிக்கை மட்டும் எல்லாம் சரி என்கிறது. ஆஸ்பத்திரியில் இதை நிறையப் பார்த்தவர் என்பதால் அறிக்கையை நம்புவதை நிறுத்திவிட்டார்.

இன்றைக்குப் பதிவேட்டு அறைப் புத்திக்கே திரும்பிவிட்டார். மூன்று மணிக்கு இருவரும் வந்ததும், விளையாட்டு அசையாமல் உறையும்போதெல்லாம் சத்தம் போடச் சொல்லிவிட்டு நேரத்தைக் குறிக்கிறார். மூன்று மணி. மூன்றேகால். மூன்றரை. நோட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். கால் மணிக்கு ஒருமுறை, பள்ளிக்கூட மணி அடிப்பதுபோல ஒழுங்காக. யார் கால் மணிக்கு ஒருமுறை என்ன செய்கிறார்கள்?

அவரேதான்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள் மின்சாரம் போய், விளையாட்டுக்குள் இருவரும் ஏழு மாதம் கட்டிய ஊர் மொத்தமும் அழிந்துபோனது. அதற்குப் பிறகு இருவரையும் மறுபடி வரவழைக்க எட்டு மாதம் ஆயிற்று. அந்த எட்டு மாதமும் பெரியக்கா சரியாகச் சாப்பிடவில்லை. அன்றிலிருந்து இன்னொரு டப்பாவில், கால் மணிக்கு ஒருமுறை மொத்த ஊரையும் நகலெடுக்க ஏற்பாடு செய்திருந்தார். ஊர் சின்னதாக இருந்தபோது கண் இமைக்கும் நேரத்தில் முடிந்த வேலை. இன்று ஊர் ஊதிப்போய்விட்டது; ஒவ்வொரு நகலுக்கும் நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடமும் கிழட்டு ஹார்ட் டிஸ்க் நகலுக்கே ஓடி ஓடி உழைக்க, விளையாட்டு தன் முறைக்காக வாசலில் காத்து நிற்கிறது. விளையாட்டு டப்பாவையே குடைந்துகொண்டிருந்தவர் பக்கத்து டப்பாவைத் திறந்தே பார்க்கவில்லை.

மைக்கில் விஷயத்தைச் சொல்கிறார். தப்பு தன்மேல்தான் என்கிறார். மணிக்கு ஒருமுறை என்று குறைக்கட்டுமா என்று கேட்கிறார். மூன்று மணிக்கு ஒருமுறை? கத்தரிக்காய்ப் பேரம்தான். தினம் விடிகாலையில் ஒருமுறை எடுத்தால் போதும் என்கிறார் தங்கை.

“நடுவுல ஊர் போயிடுச்சுன்னா?” என்கிறார் பெரியக்கா.

“போனா மறுபடி கட்டுவோம்க்கா” என்கிறார் தம்பி. “போன தடவ கட்டலயா?”

“அப்படிப் போனா நீங்க ரெண்டு பேரும் வரமாட்டீங்களே.” இவ்வளவு நாளாக அவர் வாய்விட்டுச் சொல்லாதது அது ஒன்றுதான்.

கோழிகள் கத்துகின்றன. பிறகு தங்கையின் குரல்: “நான் வருவேன்க்கா.” தம்பியும், “நானும்தான்” என்கிறார்.

பெரியக்கா நகல் டப்பாவை நிறுத்துகிறார். ஒரு வரிக் கட்டளை. அடிப்பதற்குள் இரண்டுமுறை பிழையாகிறது. மூன்றே முக்கால் ஆகிறது. உறையவில்லை. கோழி தரையில் நடக்கிறது, கதவு தட்டியதும் திறக்கிறது. நான்கு மணியும் தாண்டுகிறது. பெரியக்கா மூச்சை விடுகிறார்.

நான்கரை மணி வாக்கில், வேலிக்குக் கட்டை அடித்துக்கொண்டே தங்கை கேட்கிறார்: “கிரேன்ல ஏறி இறங்கறியே, முட்டி வலி இப்ப எப்படிடா இருக்கு?”

தம்பியிடமிருந்து உடனே பதிலில்லை. பெரியக்கா சட்டென்று திரையைப் பார்க்கிறார், உறைந்துவிட்டதோ என்று. உறையவில்லை. கோழிகள் மேய்ந்துகொண்டிருக்கின்றன.

“இருக்குக்கா. மாடி ஏறறப்ப பிடிச்சுக்குது” என்று தொடங்குகிறார் தம்பி.

பெரியக்கா ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைக்கிறார். எழுந்து வெளியே வந்து, பின்னறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்துகிறார்.