வேடியப்பன் மேல் துணி துவைத்தேன்

வேடியப்பன் கல்லை எடுத்தவன் நான்தான். ஊரில் சொல்வதுபோல் பெங்களூர்த் திருடன் யாரும் இல்லை. நான்!

எட்டாவதோடு பள்ளியை விட்டவன். கோர்வையாக எழுத வராது. நீங்கள் பாதியில் எழுந்து போய்விடுவீர்களோ என்று இப்போதே பயம்... ஆனாலும் எழுதியே தீருவேன்.

பேரிகை ஊர்ப் பக்கம் எங்கள் வீடு. தனி ஆள். பின்பக்கம் துணி துவைக்க ஒரு கல் வேண்டியிருந்தது. பக்கத்து நிலத்து வரப்பில், புதருக்குள் ஒரு பலகைக்கல் சாய்ந்து கிடந்தது. அதில் வில்லேந்திய வீரன், காலடியில் நாய். அந்த நிலத்துக்கார மஞ்சுளா வீட்டார் வருஷத்துக்கு ஒருமுறை பொங்கல் வைக்கிற வேடியப்பன் சாமி. தெரியாதா எனக்கு? தெரியும்! கடப்பாரையால் நெம்பி, உருளைக்கட்டை வைத்துத் தள்ளிக் கொண்டுவந்து பதித்தேன். சுற்றிலும் தட்டி கட்டி மறைத்தேன்.

அந்த வருஷமும் பொங்கல் வைக்க வந்தார்கள். வெறும் குழிக்கு முன்னால் தேங்காய் உடைத்தார்கள். நான் போய்ப் பொங்கல் வாங்கித் தின்றேன்...

கம்பெனியில் எனக்கு பேக்கிங் வேலை. வீணாகும் அட்டையை வெட்டி ஒட்டிப் படம் செய்வேன். போன மாதம் எங்கள் வீட்டையே செய்தேன். இரண்டு கல்தூண், வளைவு ஜன்னல், அடுக்கடுக்காய் ஓடு. கீழே ஊரின் பழங்கதை ஏதாவது இருக்கட்டும் என்று கை போன போக்கில் வெட்டினேன். வில்... நாய்... ஏன் அதைப் போய் வெட்டினேன்? இன்னும் விளங்கவில்லை.

வாசலில் காயவைத்திருந்ததை மஞ்சுளா பார்த்துவிட்டாள். "ஐயோ, எங்க சாமிங்கண்ணா இது! அதே மூக்கு உடைஞ்ச நாயி! கனவுல வந்து காட்டுச்சுங்களா?"

தலையாட்டினேன். ஆமாம், ஆட்டினேன்!

படத்தைக் கேட்டு வாங்கிப்போய், குழிக்கு மேல் தகரம் போட்டு வைத்து, தினமும் விளக்கேற்றினாள். அட்டை நனைந்துவிடுமோ, சாமி குத்தம் அவள் தலையில் விடியுமோ...

ஞாயிறு காலை, முடிவு செய்துகொண்டு அவள் வாசலில் போய் நின்றேன்.

"கல்லு எங்க வீட்டுப் பின்னாடி இருக்குது மஞ்சுளா. நான்தான் எடுத்தேன். கனவெல்லாம் பொய்."

அவள் கேட்டாள்: "எந்தப் பக்கம் மேல வெச்சீங்க?"

கவிழ்த்துத்தான் வைத்தேன் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாள். மாட்டேன்! இன்னொரு பொய் சொல்லமாட்டேன்!

"மொகந்தான் மேல... மேடுபள்ளம் இருந்தா அழுக்கு நல்லாப் போகும்னு."

அவள் கணவனும் கொழுந்தன்மார் இருவரும் வந்து கல்லைப் பெயர்த்தார்கள். வீரனின் முகத்தில் ஒரு கண் தேய்ந்தே போயிருந்தது. தூக்க ஒரு ஆள் குறைந்தது. நான் குனிந்தேன்.

"நீங்க தொடாதீங்க," என்றாள் மஞ்சுளா. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, நாலாவது மூலையை அவளே பிடித்தாள்.

கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், வரப்புவரை அவர்கள் பின்னாலேயே நடந்தேன்.